நீந்தத் தெரியுமா என்று ஒரு கட்டம் போடுங்கள்

எங்கள் அடுக்ககத் தமிழ்க் குடும்பங்களின் சுற்றுலாக் குழுவுக்கும், அதன் பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் சி பிளாக் அண்ணாச்சிக்கும்,

வணக்கம். பொங்கல் கழித்து லட்சத்தீவு போவதற்கான பட்டியல் என் கைக்கும் வந்து சேர்ந்தது. முப்பத்தெட்டுப் பேர். சுத்தமான வேலை, அண்ணாச்சி. பெயர், வயது, ஆதார் எண், சைவமா அசைவமா, சட்டை அளவு, குழந்தைக்கு ராத்திரி பால் வேண்டுமா என்பது வரைக்கும் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் நாள் காலையில் 'பவளப்பாறை பார்த்தல் - அனைவரும்' என்று ஒரு வரி இருக்கிறது. நீந்தத் தெரியுமா என்ற கட்டம் மட்டும் எங்கேயும் இல்லை.

லிஃப்டிலும் காய்கறி வண்டிப் பக்கத்திலும் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். இருபத்தோரு பேரிடம் கேட்டதில் நான்கு பேருக்குத்தான் நீச்சல் தெரியும். ஒருவர், "ஊட்டி லேக்ல பெடல் போட் மிதிச்சிருக்கேன்" என்று பதில் சொன்னார். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே குடியிருக்கும் ஊர் நம் பெங்களூர், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் நீந்தத் தெரியாத முப்பது பேரைப் பவளத்துக்கு மேலே இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு வந்தவள் நான்.

2025 பிப்ரவரியில் லட்சத்தீவின் கட்மத் தீவுக்குப் போயிருந்தேன். நீங்கள் விமானத்தில் அகத்தித் தீவில் இறங்கப் போகிறீர்கள். நான் கொச்சி போய்க் கப்பல் ஏறினேன். ஒரு ராத்திரி முழுக்கக் கப்பல். கட்மத் ஒரு வெண்டைக்காய் மாதிரி கிடக்கும் தீவு. நீளம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், அகலமான இடத்திலேயே அரைக் கிலோமீட்டர் சொச்சம்தான். மேற்குப் பக்கம் லகூன். கடலுக்குள்ளேயே பவளம் ஒரு வரப்பு கட்டி, அலையை அந்தப் பக்கமே உடைத்துவிட்டு, இந்தப் பக்கம் குளம் மாதிரி தண்ணீரை வைத்திருக்கிறது. வரப்புக்கு அப்பால் கருநீலம், இப்பால் பச்சை. இதற்கு மேல் வர்ணிக்க மாட்டேன். படங்களை ஆளுக்கு நூறு தடவை பார்த்திருப்பீர்கள்.

எனக்கு நீச்சல் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தூத்துக்குடிக்காரி இல்லையா! முகக்கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் கவ்வி, தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது. மூக்கில் ஏறியது. பயத்தில் தலையைத் தூக்கினேன், கால் தன்னாலே தரையைத் தேடியது. காலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. தண்ணீருக்குள் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. உள்ளங்காலில்தான் கேட்டது, அப்பளத்தை மிதித்த மாதிரி.

கூட வந்த தீவுக்காரப் பையன் முங்கி அதை எடுத்து வந்தான். மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், என் கை அளவு. நுனியெல்லாம் இளநீலம். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு பாறை இடுக்கைத் தேடி, காற்றில் ஆடாத மாதிரி விளக்கை மாடத்தில் வைப்பது போல, அந்தத் துண்டைச் செருகிவைத்தான். சில சமயம் பிழைத்துக்கொள்ளுமாம். பிறகு என் தோளைப் பிடித்துக் குப்புறப் படுக்கவைத்து, தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய தமிழில் சொன்னான்: "சேச்சி, காலை மறந்துருங்க."

இந்த மடலில் நான் உங்களிடம் கேட்கப் போவதும் அதுதான். காலை மறப்பதற்குப் பெங்களூரிலேயே பழகிக்கொண்டு போவோம்.

பவளத்தைப் பற்றி நமக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. பவளப்பாறை என்று சொல்லிச் சொல்லி அதைப் பாறை என்றே நினைத்துவிட்டோம். பாறை அது கட்டிக்கொள்ளும் வீடு. வீட்டின் மேல்தோலில், அரிசி மணி அளவுக்கும் அதற்குச் சிறியதுமாக ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைத்துப் போடும், பவளம் இடம் கொடுக்கும். அந்த நிறமெல்லாம் பெரும்பாலும் பாசியின் நிறம். கிளை விடும் பவளம் ஆண்டுக்குச் சில செ.மீ. வளரும். உருண்டைப் பாறையாகக் கிடக்கிற வகை ஆண்டுக்கு ஒரு செ.மீ. வளர்ந்தாலே பெரிது. நம் சாப்பாட்டு மேசை உயரத்துக்கு ஒன்று நிற்கிறது என்றால், அது நம் தாத்தாக்களுக்கு மூத்தது.

கடல் நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் இந்தக் கூட்டுக் குடித்தனம் முறிந்துபோகும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். வெளுத்ததும் செத்துவிட்டதாக அர்த்தமில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை. லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று மூன்று முறை பெரிதாக இது நடந்தது. நான் போவதற்கு முந்தைய ஆண்டு நான்காவது. 2023 அக்டோபரிலிருந்தே அந்தக் கடல் கொதித்துக் கிடந்தது. 2024 மே மாதம் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடுமையான வெளுப்பு என்று அறிவித்தது. நம் பக்கத்து ஊரான மைசூரில் இருக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளிலும் 24 ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். 1998-ல் கடல் தரையில் சுமார் 37 சதவீதத்தை உயிருள்ள பவளம் மூடியிருந்தது. 2022-ல் அது சுமார் 19 சதவீதம். அதற்குப் பிறகுதான் 2024 வந்தது.

ஆகவே, நண்பர்களே, படத்தில் பார்த்த மாதிரி வண்ணக் காடு விரிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான் பார்த்ததில் பெரும்பகுதி சாம்பல் நிறம். மேசை மாதிரி அகன்ற பவளங்கள் பாசம் பிடித்துச் செத்துக் கிடந்தன. நடுநடுவே உயிருள்ள திட்டுகள். ஒரு திட்டைச் சுற்றி மட்டும் பத்து நூறு மீன்கள், திருவிழாக் கடைத்தெருவில் எரியும் ஒற்றை விளக்கைச் சுற்றி எல்லோரும் நிற்பது போல. கிளிமூக்கு வாய்கொண்ட மீன் ஒன்று பவளத்தைக் கரக் கரக் என்று கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அது கல்லைத் தின்று வெண்மணலாகக் கழிக்கிறது. நாம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளைக் கடற்கரையில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான். வாண்டுகளிடம் இதைச் சொல்லுங்கள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வருவார்கள்.

ஏ பிளாக்கில் ஒரு சார் கேட்டார்: "கடலே சூடாகி எல்லாம் சாகுது, என் ஒரு கால் பட்டா என்ன ஆயிடப்போகுது?" நியாயமான கேள்வி. நானும் கப்பலில் திரும்பும்போது இதையேதான் எனக்குச் சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. நான்கு சூட்டையும் தாங்கி நிற்கும் பவளம்தான் அடுத்த தலைமுறைக்கு விதை. விதைநெல்லை மிதித்துவிட்டு, மழை இல்லாததால்தான் விளையவில்லை என்று சொல்ல முடியாதே! இன்னொன்று, பயணிகளை எல்லா இடத்திலும் இறக்க மாட்டார்கள். ஆழமில்லாத, கரைக்குப் பக்கத்திலுள்ள நாலைந்து திட்டுகளுக்குத்தான் எல்லோரையும் கூட்டிப்போவார்கள். என் கால் ஒன்று, அடுத்த நாள் வருபவர் கால் ஒன்று. எல்லாம் அதே திட்டின் மேல்தான்.

நேராக மிதிப்பது மட்டும்தான் என்றும் இல்லை. லைஃப் ஜாக்கெட் போட்டவர்கள் தண்ணீரில் செங்குத்தாக நின்று சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைப்பார்கள். மணல் கிளம்பும். அது பவளத்தின் மேல் படிந்தால் அந்தச் சின்ன உயிர்கள் சளி சுரந்து அதைத் தள்ள வேண்டும். பட்டினியில் கிடப்பவனிடம் போய் வீடு கூட்டச் சொல்வது போலத்தான்.

எனக்கு உபதேசம் செய்ய என்ன யோக்கியதை என்று கேட்டால், கொஞ்சமும் இல்லை. என் தாத்தா தூத்துக்குடியில் வள்ளத்தில் போய்ப் பவளக் கல் எடுத்தவர். கடப்பாறையால் பெயர்த்து, வள்ளம் தாழும் வரை ஏற்றி வருவார்கள். பாதி வீட்டுச் சுவருக்கு, பாதி சுண்ணாம்புக் காளவாய்க்கு. எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் பூ பூவாகப் புள்ளி வைத்த கற்கள் இருக்கும். அது உயிருள்ள ஒன்றின் எலும்பு என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்த்தார்கள். சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் எங்கள் பக்கம் கல் எடுப்பது நின்றது. அதற்குள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சல்லி என்றாலே உடைந்த கல்தானே. உடைந்த பவளம் குவிந்து தீவானது. முன்னால் நின்று அலை வாங்கிய பவளத்தை நாங்கள் அள்ளியதும் தீவு கரைந்தது. லட்சத்தீவிலும் பங்காரம் தீவுப் பக்கத்தில் பரளி என்ற திட்டுகளில் ஒன்று முழுதும் கரைந்து போனதை 2017-ல் ஒரு ஆய்வு பதிவு செய்தது. ஆள் இல்லாத திட்டு அது. ஆள் இருக்கும் தீவுகள் பத்து. 2011 கணக்குப்படி 64,473 பேர். நம் பெங்களூர் மாநகராட்சியின் பழைய வார்டுக் கணக்கில் ஒன்றரை வார்டு ஜனம்.

அவர்கள் பிழைப்பும் நாம் மிதிக்கும் அந்தப் பவளத் திட்டில்தான் தொடங்குகிறது. லட்சத்தீவின் பெரிய தொழில் சூரை மீன். அதை வலை போட்டு அள்ளுவதில்லை. கழியில் தூண்டில் கட்டி ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். முதலில் லகூனுக்குள் பவளக் கிளைகளை ஒட்டித் திரியும் பொடிமீன்களைப் பிடித்துப் படகில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். வெளிக்கடலுக்குப் போய் அதை வீசினால் சூரைக் கூட்டம் மேலே வரும். பவளம் இல்லையென்றால் பொடிமீன் இல்லை, பொடிமீன் இல்லையென்றால் சூரை இல்லை, சூரை இல்லையென்றால் நம் ஊர்ச் சந்தையில் அம்மாக்கள் தேடி வாங்கும் மாசிக் கருவாடும் இல்லை. நான் உடைத்த கிளையில் எத்தனை பொடிமீன் குடியிருந்ததோ!

தண்ணீர் விஷயம் ஒன்று. இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பெங்களூரிலிருந்து அகத்திக்கு நேர் விமானம் தொடங்கிய நாள் 2024 மார்ச் 31. அந்த மாதம் நாம் எப்படி இருந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? ஆழ்துளைக் கிணறு வற்றி, டேங்கர்காரரை 'சார் சார்' என்று கெஞ்சிக்கொண்டு, குடிநீரை நீச்சல் குளத்தில் விடக்கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டு, நம் குளம் காய்ந்து கிடந்தது. அந்தத் தீவுகளில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர், உப்புத் தண்ணீருக்கு மேல் ஆடை போல மெல்லிசாக மிதக்கிறது, அதுதான் கிணறு. அதிகம் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை அமைத்தது. ஆழ்கடலின் குளிர்ந்த நீரை வைத்து ஆவியைக் குளிரவைக்கும் முறை, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். பிறகு அகத்தியிலும் மினிக்காயிலும் வந்தது. நல்ல காரியம். ஆனாலும் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடும் பழக்கம் உள்ளவர்கள் மூன்று நாளைக்கு வாளிக்கு மாறிக்கொள்ளலாம். வீட்டில் பழகியதுதானே.

இன்னும் சிலது சொல்லிவிடுகிறேன். வரிசையாக எழுதினால் பள்ளிக்கூட அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்குவதை மாற்றுங்கள், அண்ணாச்சி. ஆறு ஆறு பேராக இறங்கினால் கூட வரும் பையனுக்கு எல்லோரையும் கண்ணில் வைத்துக்கொள்ள முடியும். மற்றவர்கள் கண்ணாடி அடி வைத்த படகில் போகட்டும். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பெரியவர்களுக்கு அதுதான் நன்றாகவும் தெரியும்.

சன் ஸ்கிரீனைக் கை நிறையப் பூசிக்கொண்டு இறங்காதீர்கள். அதில் கலக்கும் ஆக்ஸிபென்சோன் போன்ற சில ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது என்றுதான் பசிபிக் தீவுகளான பலாவ் 2020-லும் ஹவாய் 2021-லும் தடை கொண்டுவந்தன. முழுக்கை நீச்சல் சட்டை போதும். இரண்டு பேருக்குச் சொல்லிப் பார்த்ததில், "அது போட்டா ஃபோட்டோ நல்லா வராதே" என்றார்கள். சரி, கரையில் கழற்றிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பூஜை அறைக்கு என்று பொறுக்காதீர்கள். செத்த துண்டானாலும் அதே சட்டம்தான். குழுவில் இரண்டு பேர் மூன்று நாளாகச் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: மது அகத்தியில் கிடைக்காது, பையில் வைத்தும் கொண்டுபோகாதீர்கள். அது அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு. அவர்கள் அனுமதிச் சீட்டு கொடுத்துத்தான் நாமே உள்ளே போகிறோம்.

அப்புறம், லட்சத்தீவு 'சோழன் வென்ற தீவு' என்று குழுவில் சுற்றும் அந்தச் செய்தி. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று வருவது உண்மை. பொதுவாக அதை மாலத்தீவு என்றே கொள்கிறார்கள். இந்தத் தீவுகள் 1956 நவம்பர் வரை சென்னை மாகாணத்தோடு இருந்ததும் உண்மைதான். ஆனால் அங்கே போய் இறங்கியதும் இதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்த வேண்டாமே. பேசுவது மலையாளத்தின் ஒரு வகை, ஜெசரி என்கிறார்கள். நம் தமிழை மெதுவாகப் பேசினால் பாதி புரிந்துகொண்டு டீ போட்டுக் கொடுப்பார்கள். அது போதாதா?

இப்போது நீச்சல் குளத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு குளத்தில் தண்ணீர் இருக்கிறது. பயணத்துக்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. நீச்சல் முழுதாகக் கற்றுக்கொள்ள அது போதாது, மிதக்கப் போதும். முகக்கண்ணாடியை மாட்டிக் குப்புறப் படுத்து, குழாய் வழியே மெதுவாக மூச்சுவிட வேண்டும். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் பதறாமல், மேல்விளிம்பை விரலால் அழுத்தி மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியே போய்விடும். கண்ணாடி பனி மூடாமல் இருக்க உள்பக்கம் எச்சிலைத் தடவிக் கழுவினால் போதும். முகம் சுளிக்காதீர்கள், எல்லோரும் செய்வதுதான். இவ்வளவும் பழகியபின் ஒரே ஒரு பரீட்சை: நான்கடி ஆழப் பக்கத்தில் பத்து நிமிஷம் காலைத் தரையில் ஊன்றாமல் கிடக்க வேண்டும். ஊன்றினால் மறுபடி முதலிலிருந்து. ஊன்றிய இடத்தில் டைல்ஸ்தான் இருக்கும், உடையாது. அதற்காகத்தான் இங்கே பழகச் சொல்கிறேன்.

இதில் தேறியவர்கள் மட்டும் கடலில் இறங்கட்டும் என்று விதி போடுங்கள், அண்ணாச்சி. திட்டுபவர்கள் என்னைத் திட்டட்டும். குழந்தைகள் முதல் நாளே தேறிவிடுவார்கள். அப்பாக்கள்தான் சிரமம்.

அசோசியேஷனில் பேசி ஆறரை மணியிலிருந்து எட்டு மணி வரை நேரம் வாங்கியிருக்கிறேன். என்னிடம் மூன்று முகக்கண்ணாடியும் இரண்டு குழாயும் இருக்கின்றன. கட்மத்தில் வாங்கியது ஒன்று, மற்றது இங்கே சிவாஜி நகரில். கண்ணாடி போடுபவர்கள் பவரைச் சொல்லிவிட்டால் பவர் வைத்த முகக்கண்ணாடிக்குக் கடையில் கேட்டுவைக்கிறேன். ஞாயிறு காலை குளிரும், துண்டு இரண்டாக எடுத்து வாருங்கள். சூடாகச் சுக்குக் காப்பி என் பொறுப்பு.

பட்டியலில் அந்தக் கட்டத்தைச் சேர்த்து இன்னொரு முறை அனுப்புங்கள். என் பெயருக்கு நேரே 'ஓரளவு' என்று போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
பி பிளாக் மூன்றாம் மாடித் தூத்துக்குடிக்காரி
பெங்களூர்